கூவைக்குளம் ஸ்டேஷன் போன வழி

கூவைக்குளம் ரயில்வே ஸ்டேஷன் நடக்கத் தொடங்கியது கடைசி வண்டி போன மூன்றாம் நாள், ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை, சாயங்காலம் நாலு இருபதுக்கு.

அந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குள் இருந்தது ஆவுடையம்மாள் ஒருத்திதான். வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் மூக்காண்டியின் மனைவி அவள். ஸ்டேஷனின் முதுகோடு ஒட்டிக் கட்டியிருந்த ஒற்றை அறையில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறவள். உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோது சட்டியில் தண்ணீர் தானாக ஒரு பக்கம் ஏறியது, சுவரில் தொங்கிய முறம் ஆடியது, உத்தரத்துப் பல்லிகள் எல்லாம் ஒன்றுபோல மேற்கே தலையைத் திருப்பின. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. ஈரக் கையோடு வெளியே வந்து பார்த்தாள். வாசலை ஒட்டி நின்ற வேப்பமரம் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. மரம் நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கிணற்றைப் பார்த்தாள். அதுவும் தள்ளிப் போயிருந்தது. மரமும் கிணறும் பேசி வைத்துக்கொண்டு கிளம்பியிருக்க முடியாது என்பதால் போனது தன் வீடுதான் என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய் மீதி அரிசியைக் களைந்தாள்.

அந்த ஸ்டேஷனைக் கட்டியது வெள்ளைக்காரன். கரிசல் காட்டில் வெடித்த பருத்தியையெல்லாம் பொதி பொதியாகக் கட்டி ஜங்ஷனுக்குக் கொண்டுபோக முப்பத்தொரு கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, அந்தப் பாதை இன்னும் கிழக்கே கடல்வரைக்கும் போகிற வழியில், ஊருக்கு மேற்கே கல்லால் ஒரு கட்டடமும், கல் விளிம்பு வைத்த பிளாட்பாரமும், மூன்று பாஷையில் பெயர் எழுதிய பலகையும், மணியாக அடிக்கிறதற்கு ஒரு தண்டவாளத் துண்டும் வைத்துவிட்டுப் போனான். பருத்தி போனது, பருத்தியோடு மிளகாய் வத்தல் போனது, பிறகு மனுஷர்களும் போனார்கள், தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் பட்டாளத்துக்கும் பம்பாய்க்கும், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கும், நோய் கண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கும், அத்தனை பேரும் அந்த ஒரு பிளாட்பாரத்தில் கால் வைத்துத்தான் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். நாலு வண்டி ஓடிய பாதையில் இரண்டு ஓடியது, இரண்டு ஒன்றானது, அந்த ஒன்றிலும் ஆடுகளும் மோர்க்காரிகளும் மட்டும் போகிற காலம் வந்தபோது, இனிமேல் வண்டி கிடையாது என்று ஒரு தாளை ஒட்டினார்கள்.

கடைசி வண்டிக்கு ஊரே திரண்டு மாலை போட்டது. ஆவுடையம்மாள் வெளியே வரவில்லை. மூக்காண்டிக்கு வடக்கே ஏதோ ஒரு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. தமிழ் பேசாத ஊர், அதன் பெயரைச் சொல்லவே அவளுக்கு நாக்கு வளையவில்லை. நான் வரமாட்டேன் என்றாள். நாலு நாள் அதே பேச்சு, அதே சண்டை. வயிற்றில் பிறந்தது என்று ஒன்றும் தங்காத வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் இடையில் விழுந்து விலக்கக்கூட ஆள் இல்லை. ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, சாவிகளையும் விளக்கையும் ஜங்ஷனில் ஒப்படைப்பதற்காகக் கடைசி வண்டியில் ஏறப்போன மூக்காண்டி அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, நான் போயி சாவிய ஒப்படைச்சிட்டு வாரேன். அங்க பெரியவரப் பாத்து, இங்கயே எதுனா இருக்கான்னு கேட்டுப் பாக்கேன்."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "வந்துதான் ஆகணுமா?" என்றாள்.

அவர் விளக்கையும் கொடியையும் எடுத்துக்கொண்டார். பிறகு செருப்புச் சத்தம் போனது. நாலு இருபதுக்கு வண்டி ஊதியது. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் பன்னிரண்டு அடி நகர்ந்தது. அன்றைக்கு இரவு பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை; ஓடைகளெல்லாம் ஒன்றாகி, காடே தண்ணீராகக் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் மழையோடு மழையாக ஸ்டேஷன் தினமும் நாலு இருபதுக்குப் பன்னிரண்டு அடி, சில நாள் பதினாலு அடி, பாதையை ஒட்டியே மேற்கே போய்க்கொண்டிருந்தது. கட்டடமும் பிளாட்பாரமும் இரண்டு பெஞ்சும் பெயர்ப் பலகையும் தண்டவாளத் துண்டும் சேர்ந்து போயின. மரமும் கிணறும் வரவில்லை.

மழை விட்டதும் ஊர் வந்து பார்த்தது. ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஒரு பெரிய நீளச் சதுரம், மண் வெளுத்து, மண்புழுவும் வேர்களுமாக, நூறு வருஷமாக வெயில் படாத நிலம் கண் கூசிக் கிடந்தது. நாற்பதடிக்கு ஒரு கோடு என்று சுண்ணாம்பு போட்டு அளந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கனியப்பன், மூக்காண்டிக்குச் சித்தப்பா மகன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஆவுடையம்மாளிடம் கேட்டார்.

"மதினி, இது எங்க போகுதுன்னு உங்ககிட்ட எதுவும் தெரிஞ்சுதா?"

"எங்கிட்ட எவரு சொல்லிட்டுப் போயிருக்காரு, இது சொல்ல?" என்றாள்.

கனியப்பன் சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏனென்றால் அதற்குள் மூக்காண்டியைப் பற்றிய பேச்சு ஊருக்கு வந்துவிட்டது. தபால்காரர் தேவசகாயம் ஜங்ஷன் வரைக்கும் போய் விசாரித்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மூக்காண்டி சாவியையும் விளக்கையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்தவர் யாரும் இல்லை. வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் நிற்கிற பிளாட்பாரத்துப் பக்கம் போனதாக ஒரு டீக்கடைக்காரன் சொன்னான். அந்த ஒரு வாக்கு கூவைக்குளத்துக்கு வந்து சேர்வதற்குள் எக்ஸ்பிரஸில் ஏறியது, பக்கத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்தது, அவள் பூ வைத்திருந்தது, எல்லாம் சேர்ந்துகொண்டது. தேடலாமா என்று கனியப்பன் கேட்டபோது ஆவுடையம்மாள், "வேண்டாம். வரணும்னு நெனச்சவரு வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை.

ஊருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கூவைக்குளம் என்கிற பெயர் எழுதியிருந்தது அந்த ஒரு பலகையில்தான். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஸ்டேஷனில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். இப்போது பெயர் தினமும் பன்னிரண்டு அடி ஊரை விட்டுப் போகிறது. கல்யாணமாகிப் போகிற பெண்ணை ஸ்டேஷன் பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார வைத்து அனுப்புகிற வழக்கம் இருந்தது, அதற்கு இனி எங்கே போவது? கூடிப் பேசினார்கள். கட்டிப் போடலாம் என்று முடிவானது. பழைய இருப்புச் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து பிளாட்பாரத்துத் தூணில் சுற்றி, மறுமுனையைத் தண்டவாளத்தோடு பூட்டினார்கள்.

"கட்டலாமா மதினி? வீட்ல இருக்கிறது நீங்கதான்" என்றார் கனியப்பன்.

"கட்டுங்க. இதாவது நிக்கட்டும்" என்றாள் ஆவுடையம்மாள்.

நின்றது. மூன்று மாதம் நின்றது. ஆனால் நாலு இருபது ஆனால் அது இழுத்தது. சங்கிலி விண்ணென்று நிமிர, தூணில் காரை உதிர, அடிக்க ஆளில்லாத தண்டவாளத் துண்டு தானாக டிங் டிங் என்று முனக, சுவர்கள் மூச்சுப் பிடித்ததுபோல உப்பித் தளர்ந்தன. அந்த இரண்டு நிமிஷமும் ஆவுடையம்மாள் சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "என்ன கேடு உனக்கு? எங்க போகணும் உனக்கு? அங்க யாரு இருக்கா?" என்று அதைத் திட்டுவாள். தை மாதம் பிறந்தபோது டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு மேல் ஒரு விரிசல் விழுந்து, அது நாளுக்கு நாள் வளர்ந்து கூரையைத் தொட்டது. கட்டின பசு கழுத்தை அறுத்துக்கொண்டு இழுக்கிற மாதிரி இழுக்கிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கனியப்பன் வீட்டுக்குப் போய்ப் பூட்டுச் சாவியை வாங்கி வந்து, யாரையும் கேட்காமல் சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு நாலு இருபதுக்கு அது பதினாறு அடி போனது.

"நீங்க ஊருக்குள்ள வந்திருங்க மதினி. என் வீட்ல ஒரு ரூம்பு கெடக்கு" என்றார் கனியப்பன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். ஊருக்குள் போனால் தினமும் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அந்த நாலு பேர் முகத்திலும் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்த பூ வைத்த பொம்பளை இருப்பாள். "நான் இதோடயே போறேன் கொழுந்தனாரே. இதுக்கும் எனக்கும்தான் போக்கிடம் தெரியல" என்றாள்.

அப்படித்தான் அவள் போனாள். நூறடி போய், ஆயிரம் அடி போய், வேப்பமரம் கைக்குட்டை அளவுக்குச் சிறுத்துப் போனது. கிணறு தூரமானபோது முதலில் ஒரு குடம் எடுக்க அரை நாழி ஆனது, பிறகு ஒரு நாழி ஆனது, பிறகு ஒருநாள் குடத்தோடு திரும்பி வருவதற்குள் நாலு இருபது தாண்டி வீடு இன்னும் பதினாலு அடி தள்ளிப் போயிருந்ததைப் பார்த்து நடுக்காட்டில் உட்கார்ந்து அவள் சிரித்தாள், சிரித்து முடித்ததும் வேறு தண்ணீர் தேட வேண்டும் என்று முடிவு செய்தாள். அடுத்த ஊர்க்காரர்கள் முதலில் கிணற்றில் வாளி விட விடவில்லை. அடுத்த ஊர் ஸ்டேஷன் எங்கள் எல்லைக்குள் எப்படி வரலாம் என்று கேட்டார்கள். நாலு மாதம் போனபின் அவர்கள் பெண்களே பெஞ்சில் வந்து உட்கார்ந்து பேன் பார்த்தார்கள், புளி உடைத்தார்கள், துபாய்க்குப் போன மகன்களைப் பற்றிப் பேசினார்கள். ஸ்டேஷன் அவர்கள் எல்லையைத் தாண்டிப் போன அன்றைக்கு ஒரு தூக்குச் சட்டியில் பொங்கல் வைத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாம் வருஷம் ஜங்ஷன் பக்கமிருந்து தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டே ஒரு கூட்டம் வந்து ஸ்டேஷனுக்கு எதிரில் முட்டி நின்றது. மேஸ்திரி தாளைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார். "இது இங்க இருக்கக் கூடாதேம்மா" என்றார். "நாலு இருபதுக்குப் போயிரும்" என்றாள் ஆவுடையம்மாள். ஆட்கள் பீடி பற்றவைத்துக் காத்திருந்தார்கள். நாலு இருபதுக்கு அது பன்னிரண்டு அடி போனது. மறுநாளும் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அதைச் சுற்றிக்கொண்டு போய் மீதித் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். தண்டவாளம் போன பிறகு நின்றுவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது ஜல்லி மேட்டின் மேலேயே, அதற்குத் தெரிந்த வழியில், போய்க்கொண்டிருந்தது.

கூவைக்குளத்துக்கு எழுதிய கடிதமெல்லாம் ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்று தேவசகாயத்துக்குச் சட்டம். ஆகவே அவர் தினமும் ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிளில் வந்து, பலகைக்குக் கீழே பையைப் பிரித்து அடுக்கி, ஊருக்குத் திரும்பிப் போய்க் கொடுத்தார். வருஷம் ஏற ஏற அவருடைய சைக்கிள் பாதையும் ஏறியது. ஊரைக் கூவைக்குளம் என்று சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். பஸ் கண்டக்டர்கள் "ஸ்டேஷன் போன ஊரெல்லாம் எறங்கு" என்று கூப்பிட்டார்கள். பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளும் எந்த ஊர் என்றால் அதையே சொன்னார்கள்.

நாலாம் வருஷம் அவர் கொண்டுவந்த கடிதங்களில் ஒன்று ஆவுடையம்மாளுக்கு. மூக்காண்டி புது இடத்தில் வேலைக்கு வந்து சேரவே இல்லை என்பதால் அவர் பெயரை எடுத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. தேவசகாயம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

"அப்ப வடக்கயும் போகலக்கா அவரு" என்றார்.

"வேற எங்கயாவது போயிருப்பாரு. ஊருக்கா பஞ்சம்?" என்றாள். அன்றைக்குப் பொட்டை அழித்தாள். புது ஊர்க்காரர்கள் புருஷன் எங்கே என்று கேட்டால், சொல்லி விளக்க அலுத்துப்போய், "செத்துட்டாரு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம், எங்கோ ஒரு ஊரில் எவள் வீட்டிலோ அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது புரையேறட்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வாள்.

எட்டாம் வருஷம் ஸ்டேஷன் முள்ளிப்பட்டிக் காட்டுக்கு வந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம். கீழே ஒரு ஓடைக்கு மேல் செங்கல் வளைவு வைத்த சின்னப் பாலம், பாதி மண்ணில் மூடிக் கிடந்தது. அந்தப் பாலத்துக்கு இப்பால் பத்தடியில், ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, நாலு இருபது வந்தபோது ஆவுடையம்மாள் பழக்கத்தில் உலைச் சட்டியைக் கையால் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சாயவில்லை. முறம் ஆடவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும் அப்படியே. எட்டு வருஷமாக ஓடிய ஒன்று நின்றபோது அந்த அமைதி அவளுக்குக் காதை அடைத்தது; முதல் நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள்.

முள்ளிப்பட்டிக்காரர்களுக்குச் சந்தோஷம். ஸ்டேஷன் தங்கள் காட்டில் தங்கிவிட்டது என்று தேங்காய் உடைத்தார்கள். ஆட்டுக் கிடை போடுகிற சடையன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஆடுகள் இரண்டு மாதமாக ஸ்டேஷன் வராந்தாவில்தான் படுத்தன. அதனால் அதன் போக்கு அவருக்குத் தெரியும். "இது தங்கல. பாலத்துக்குப் பயப்படுது. மண்ணு மூடினதால பாலம் தாங்காதுன்னு நெனைக்கு. அள்ளிவிட்டா போயிரும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு நாலு ஆள் மண்வெட்டியோடு ஓடைக்குள் இறங்கியது வியாழக்கிழமை காலையில்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. சடையன் மேலே ஏறி வந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது.

"ஆத்தா, கொஞ்சம் வெளிய வாங்க. இந்தக் கம்பு யாருதுன்னு தெரியுதா பாருங்க."

முழங்கை நீளக் கம்பு. அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த துணி மண்ணோடு மண்ணாக மக்கியிருந்தாலும் சிவப்பு என்று தெரிந்தது. நடுவில் ஒரு ஒட்டு. அந்த ஒட்டை நீல நூலால் தைத்திருந்தது. வீட்டில் சிவப்பு நூல் இல்லாத ஒருநாள் அவள்தான் தைத்தாள். கொடியில் நீலம் இருந்தால் மேலே இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள் என்று மூக்காண்டி முனகினார். அவள் அதைப் பிரிக்கவில்லை. ஜங்ஷனில் விளக்கையும் சாவியையும் வாங்கிக்கொண்டவர்கள் இந்தக் கிழிசலை நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இது எங்க இருந்துச்சு?"

"பாலத்து வாயில. செங்கச் சந்துல செருகி, வெளிய தெரியுற மாதிரி நீட்டி வச்சிருந்துச்சு. உள்ளாற..." சடையன் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"ஆள் இருக்கு ஆத்தா. எலும்புதான். ஒரு காலு முட்டிக்குக் கீழ முறிஞ்சிருக்கு. இருட்டுல மேல இருந்து சறுக்கி விழுந்திருக்கணும்."

அவள் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் அவள் கீழே விழுந்துவிடுவாள் என்று பின்னால் கை வைத்து நின்றார்கள். அவள் விழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"தல எந்தப் பக்கம் இருக்கு?"

சடையன் கையைக் காட்டினார். "கெழக்க. கூவைக்குளத்துப் பக்கம்."

ஜங்ஷனிலிருந்து கூவைக்குளத்துக்கு வர பஸ்ஸில் மூன்று இடத்தில் மாற வேண்டும். பாதையோடு நடந்தால் ஒரே வழி. இருபது கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார், இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்திருக்கிறது. விழுந்த பிறகு, இத்தனை வருஷம் செய்த வேலை கைக்கு மறக்காமல், சிவப்புக் கொடியை வெளியே நீட்டி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும் என்று தெரிந்த எதுவும் அந்தப் பாதையில் அதற்கு மேல் ஓடவில்லை. தண்டவாளம் கழற்ற வந்தவர்கள் கண்ணில் படுவதற்குள் மழை மண் அதை மூடிவிட்டது. மனுஷர்கள் யாரும் தேடி வரவில்லை. ஸ்டேஷன் மட்டும் மறுநாளே கிளம்பியிருக்கிறது. ஒரு கட்டடத்தால் எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்திருக்கிறது.

சாயங்காலத்துக்குள் தேவசகாயம் சொல்லி, கூவைக்குளத்திலிருந்து கனியப்பனும் இருபது முப்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். ஆவுடையம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பு மடியில் இருந்தது.

"மூணு மாசம் கட்டிப் போட்டேன் கொழுந்தனாரே" என்றாள்.

"அது நாங்க கட்டினது மதினி. நீங்கதான அவுத்து விட்டீங்க. அதுவும் போக, அண்ணன் அந்த மழையத் தாண்டியிருக்க மாட்டாரு. சங்கிலி இல்லாட்டாலும் இது வந்து சேர்ந்திருக்காது."

"நான் கூப்பிட்டிருந்தா ஆள் வந்திருக்கும்ல. மழ விட்டப்ப, தேடலாமான்னு நீங்க கேட்டீங்க. இருபது பேரு நின்னீங்க. பதினோரு கிலோமீட்டருதான்."

கனியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கிராம அதிகாரி வந்து எழுதினார். இறந்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. முள்ளிப்பட்டி எல்லை என்று எழுதப் போனவர், நிமிர்ந்து பார்த்து, எதிரே இருந்த பலகையில் கூவைக்குளம் என்று மூன்று பாஷையில் எழுதியிருப்பதைக் கண்டு, பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "அவுகளுக்கு வீடு எதும்மா?" என்று கேட்டார். அவள் பின்னால் இருந்த அறையைக் காட்டினாள். அவர் "வீட்டில்" என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் எலும்புகளைக் கழுவி மஞ்சள் துணியில் முடிந்தார்கள். வண்டி வைத்துக் கொண்டுபோகலாம் என்றார் கனியப்பன். வேண்டாம் என்றாள். யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தண்டவாளம் இல்லாத ஜல்லி மேட்டின் மேல் கிழக்கே நடக்கத் தொடங்கினாள். பின்னால் இரண்டு ஊர் ஆட்களும் நடந்தார்கள். வழியில் எட்டு வருஷமாகத் தண்ணீர் கொடுத்த ஊர்களில் பெண்கள் குடத்தோடு பாதை ஓரத்தில் நின்று, அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் நிற்காமல், காலை மட்டும் நனைய விட்டு, போய்க்கொண்டே இருந்தாள். எட்டு வருஷத்தில் வந்த தூரம் மூன்று மணி நேரத்தில் முடிந்துபோனது. சுடுகாட்டுக்குப் பொம்பளை வரக்கூடாது என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. குழிக்குள் துணி முடிப்பை இறக்கி வைத்ததும் அவள்தான்.

அவள் அழவில்லை. கண்டுபிடித்த அன்றைக்கும் அழவில்லை, புதைத்த அன்றைக்கும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. கனியப்பன் வீட்டு அறையில் தங்கி, சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டு, கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். உள்ளே கட்டிக்கொண்டால் ஆபத்து என்று ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துப் பார்த்தார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் தேவசகாயம் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு வந்து நின்றார். கடிதம் எதுவும் கையில் இல்லை.

"அக்கா, நேத்து மழைக்கு ஸ்டேஷன் விழுந்திருச்சு. கூரையோட உள்ள உக்காந்துருச்சு. செவுரு ஒண்ணுதான் நிக்கி."

ஆவுடையம்மாள் அடுப்பெரிக்கப் பருத்தி மார் ஒடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள யாரும் இருந்தாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. ஆடுகூட இல்ல. சடையன் முந்தின நாளே கிடைய மாத்திட்டாரு."

"சரி" என்றாள். இரண்டு குச்சி ஒடித்தாள். மூன்றாவது குச்சி கையில் ஒடியவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டு அவள் வைத்த குரல் தெருக்கடைசி வரைக்கும் கேட்டது. கதவுகள் திறந்தன. அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக ஓடி வந்து, யாருக்கு என்று கேட்காமல், அவள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள். தேவசகாயம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் அழுது முடிகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார்.